பைக் செயினை வீட்டிலேயே மாற்றலாம் - கம்ப்யூட்டர் துணையோடு!

புதிதாக கம்ப்யூட்டர் வாங்கியவர்கள் முதல் மாதத்தில் பாட்டு கேட்பார்கள், படம் பார்ப்பார்கள். இரண்டாவது மாதம் "இதை வைத்து வேறு என்ன செய்யலாம்?" என்று கேட்பார்கள். நான் மென்பொருள் பொறியாளர் என்பதால் ஊருக்குப் போகும்போதெல்லாம் இந்தக் கேள்வி என்னிடம் வரும். இந்த மாதம் அதற்கு கொஞ்சம் வித்தியாசமான பதில். கம்ப்யூட்டரை வைத்துக்கொண்டு மோட்டார் சைக்கிளின் செயினை மாற்றலாம். பி.டி.எப். பைலில் தேடுவது, போட்டோக்களைச் சேமிப்பது, ஸ்பிரெட்ஷீட்டில் கணக்குப் போடுவது ஆகிய மூன்றும் இந்த ஒரே வேலையில் பழகிவிடும். கை மட்டும் கொஞ்சம் கறுப்பாகும்.

முதலில் என் தவறைச் சொல்லிவிடுகிறேன்.

போட்டோ சொன்ன உண்மை

என் சொந்த ஊர் வேளாங்கண்ணி. அப்பா மெழுகுவர்த்தி, பூமாலை விற்கும் சிறிய கடை வைத்திருக்கிறார். சரக்கு எடுக்க நாகப்பட்டினம் போய் வர ஒரு பழைய 100 சி.சி. வண்டி. 2021-ல் நான் வீட்டிலிருந்தே வேலை பார்த்தபோது, அந்த வண்டியின் செயினை நானே மாற்றினேன். இரண்டு வீடியோ பார்த்தேன், ஒரு மணி நேரத்தில் முடித்தேன். நண்பர்களுக்கு அனுப்புவதற்காகப் பெருமையாக நான்கு போட்டோவும் எடுத்தேன்.

ஒன்பதாவது நாள் மாலை, செருதூர் பாலத்தைத் தாண்டும்போது ஓடிக்கொண்டிருந்த வண்டியில் செயின் கழன்றது. பின்சக்கரம் ஒரு கணம் இறுகி நின்று, வண்டி சாய்ந்து, அப்பாவுக்கு இடது மணிக்கட்டில் எலும்பு முறிவு. பின்னால் பஸ் எதுவும் வராததால் அதோடு போயிற்று.

வண்டியைப் பார்த்த மெக்கானிக் அண்ணன் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். "செயின் லாக்கை எந்தப் பக்கம் பார்த்து மாட்டினீங்க தம்பி?" எனக்கு நினைவில்லை. வீட்டுக்கு வந்து அந்தப் போட்டோக்களைக் கம்ப்யூட்டரில் ஏற்றிப் பெரிதாக்கிப் பார்த்தேன். போனின் சிறிய திரையில் தெரியாதது பெரிய திரையில் பளிச்சென்று தெரிந்தது. லாக்கின் கிளிப் தலைகீழாக இருந்தது. போதாததற்கு, புது செயினோடு வந்த கிளிப் கீழே விழுந்து தொலைந்ததால் பழைய கிளிப்பையே போட்டிருந்தேன்.

கட்டுப் போட்ட கையோடு அப்பா சொன்னார்: "தம்பி, நீ படிச்சதெல்லாம் சரி. அந்தக் கிளிப்பு எந்தப் பக்கம் பார்க்கணும்னு படிச்சியா?"

அதற்குப் பிறகுதான் படித்தேன். படித்ததை இங்கே தருகிறேன்.

செயின் எப்படி வேலை செய்கிறது?

எஞ்சின் பக்கம் ஒரு சிறிய பல்சக்கரம், பின்சக்கரத்தில் ஒரு பெரிய பல்சக்கரம். கடையில் இவற்றை ஸ்ப்ராக்கெட் என்பார்கள். முன்னால் 14 பல், பின்னால் 42 பல் என்று வைத்துக் கொள்வோம். 42-ஐ 14-ஆல் வகுத்தால் 3. அதாவது முன் ஸ்ப்ராக்கெட் மூன்று சுற்று சுற்றினால் பின்சக்கரம் ஒரு சுற்று. வேகம் குறையும், இழுவை கூடும்.

செயினின் ஒவ்வொரு கண்ணியிலும் பின், அதைச் சுற்றி புஷ், அதன் மேல் சுழலும் உருளை, இருபுறமும் தகடுகள் இருக்கும். இன்றும் நாம் பயன்படுத்தும் இந்த அமைப்புக்கு இங்கிலாந்தின் மான்செஸ்டரில் ஹான்ஸ் ரெனால்ட் 1880-ல் காப்புரிமை பெற்றார். நம் மாநிலத்திலேயே கோயம்புத்தூர் எல்.ஜி. பாலகிருஷ்ணன் நிறுவனத்தின் ரோலான், சென்னை டியூப் இன்வெஸ்ட்மென்ட்ஸ் நிறுவனத்தின் டயமண்ட் ஆகிய செயின்கள் தயாராகின்றன.

செயின் தகட்டில் 428 என்ற எண் இருக்கும். பல 100 முதல் 150 சி.சி. வண்டிகளுக்கு இதுதான் அளவு. முதல் இலக்கமான 4 என்பது ஒரு பின்னுக்கும் அடுத்த பின்னுக்கும் உள்ள தூரம். எட்டில் நான்கு பங்கு, அதாவது அரை அங்குலம், 12.7 மி.மீ. அடுத்த இரு இலக்கங்கள் அகலத்தைக் குறிக்கும். 420 என்ற செயினுக்கும் இதே 12.7 மி.மீ. தான், ஆனால் அகலம் குறைவு. எண்ணைப் பார்க்காமல் வாங்கினால் மாட்டவே முடியாது.

"செயின் நீண்டுவிட்டது" என்று சொல்கிறோம் அல்லவா? உண்மையில் இரும்பு நீள்வதில்லை. பின்னும் புஷ்ஷும் உரசித் தேய்கின்றன. ஒவ்வொரு இணைப்பிலும் கால் மி.மீ. தேய்ந்தால் 20 கண்ணிகளில் 5 மி.மீ. கூடிவிடும். கண்ணிகளின் இடைவெளி கூடிய செயின், பல்லின் அடியில் உட்காராமல் நுனிக்கு ஏறி ஓடும். பற்கள், கரைக்கு வரும் அலை போல ஒரு பக்கமாகச் சாய்ந்துவிடும்.

எங்கள் ஊரில் இது சீக்கிரமே நடக்கும். கடலுக்கும் வீட்டுக்கும் பத்து நிமிட நடைதான். உப்புக் காற்று எண்ணெய்ப் பூச்சு இல்லாத இரும்பை விடாது. இன்னொரு பக்கம் வயல். சம்பா நடவு நேரத்தில் டிராக்டர் சேற்றோடு ரோட்டில் ஏறினால் அந்தச் சேறு காய்ந்து மணலாகி, எண்ணெயோடு கலந்து உப்புத்தாள் போலத் தேய்க்கும். மூடிய செயின் கவர் உள்ள வண்டிகளில் இது எதுவுமே வெளியில் தெரியாது. கவர் செயினைப் பாதுகாக்கிறது, அதே சமயம் நம் கண்ணிலிருந்து மறைக்கவும் செய்கிறது.

முதல் வேலை: கையேட்டை இறக்குங்கள்

வண்டியோடு வந்த கையேடு பெரும்பாலும் தொலைந்திருக்கும். கவலை வேண்டாம். தயாரிப்பு நிறுவனத்தின் சொந்த இணையத் தளத்திற்குச் செல்லுங்கள். பல நிறுவனங்கள் உரிமையாளர் கையேட்டை பி.டி.எப். பைலாகத் தருகின்றன. உங்கள் மாடலையும் ஆண்டையும் பார்த்து டவுன்லோட் செய்திடுங்கள்.

இங்கே ஓர் எச்சரிக்கை. வேறு ஏதாவது தளம் "கையேடு இலவசம்" என்று சொல்லி ஒரு பைலைத் தந்தால், அதன் பெயரின் கடைசி எழுத்துகளைப் பாருங்கள். பி.டி.எப். என்று முடிந்தால் அது ஆவணம். இ.எக்ஸ்.இ. என்று முடிந்தால் அது ஒரு புரோகிராம். கையேடு ஒருபோதும் புரோகிராமாக வராது. இரட்டைக் கிளிக் செய்யாமல் அழித்துவிடுங்கள். விண்டோஸ் இந்தக் கடைசி எழுத்துகளை வழக்கமாக மறைத்தே வைத்திருக்கும். பைல் எக்ஸ்ப்ளோரரின் வியூ மெனுவில் பைல் நேம் எக்ஸ்டென்ஷன்ஸ் என்பதைத் தேர்ந்தெடுத்தால் தெரியும்.

கையேட்டைத் திறந்து, கன்ட்ரோல் கீயை அழுத்தியபடி எப் கீயைத் தட்டுங்கள். தேடும் கட்டம் வரும். அதில் ஆங்கிலத்தில் செயின் என்று டைப் செய்து என்டர் தட்டினால், அந்தச் சொல் வரும் இடங்களுக்கு நேராகப் போகலாம். ஸ்கேன் செய்து போட்ட பைலாக இருந்தால் இப்படித் தேட முடியாமல் போகலாம். அப்போது பொருளடக்கத்தைப் பார்த்துத்தான் போக வேண்டும்.

மூன்று விவரங்களைக் குறித்துக் கொள்ளுங்கள். செயினின் எண்ணும் கண்ணிகளின் எண்ணிக்கையும், செயினில் இருக்க வேண்டிய தொய்வு, பின் ஆக்சில் நட்டை இறுக்க வேண்டிய அளவு. கையேட்டில் ஏதாவது விடுபட்டிருந்தால் அந்த நிறுவனத்தின் சர்வீஸ் சென்டரில் கேட்கலாம்.

இரண்டாவது வேலை: அளந்து பார்த்து முடிவு செய்யுங்கள்

மாற்ற வேண்டுமா, வேண்டாமா? யார் சொல்வதையும் நம்ப வேண்டாம், அளவுகோல் சொல்லட்டும். 30 செ.மீ. இரும்பு ஸ்கேல் போதும். எஞ்சினை நிறுத்தி, சாவியை எடுத்துவிட்டு, செயின் கவரைக் கழற்றி, செயினை விறைப்பாக இழுத்துப் பிடியுங்கள். ஒரு பின்னின் நடுவில் தொடங்கி, அதை 1 என்று எண்ணி, 21-வது பின்னின் நடு வரை அளக்க வேண்டும். இடையில் 20 கண்ணிகள். 428 செயின் புதிதாக இருந்தால் 254 மி.மீ. வரும். 259 மி.மீ. என்றால் ஏறத்தாழ 2 சதவீதத் தேய்மானம். இனி ஓட்டக் கூடாது. இரண்டு மூன்று இடங்களில் அளந்து, அதிகமாக உள்ளதை எடுத்துக் கொள்ளுங்கள்.

இதைக் கம்ப்யூட்டரில் பதிவு செய்வோம். எக்ஸெல் இல்லாதவர்கள் லிப்ரே ஆபீஸ் தொகுப்பில் உள்ள கால்க் புரோகிராமைப் பயன்படுத்தலாம், அது இலவசம்.

1. புதிய ஸ்பிரெட்ஷீட் திறந்து, முதல் வரிசையில் தேதி, கிலோமீட்டர், நீளம், தேய்மானம் என்று நான்கு தலைப்புகள் இடுங்கள். இவை ஏ, பி, சி, டி என்ற நான்கு பத்திகளில் அமையும்.

2. இரண்டாவது வரிசையில் இன்றைய அளவுகளைப் போடுங்கள். நீளம் சி2 செல்லில் இருக்கும்.

3. டி2 செல்லில் பார்முலா. முதலில் சமக்குறி, பிறகு அடைப்புக்குறிக்குள் சி2 கழித்தல் 254, அடைப்புக்குறியை மூடி, வகுத்தல் 254, பெருக்கல் 100. வகுத்தலுக்குச் சாய்கோடு, பெருக்கலுக்கு நட்சத்திரக்குறி. என்டர் தட்டினால் சதவீதம் வந்துவிடும்.

4. டி2 செல்லின் வலது கீழ் மூலையில் உள்ள சிறு சதுரத்தை மவுஸால் பிடித்துக் கீழே இழுங்கள். பார்முலா எல்லா வரிசைக்கும் காப்பி ஆகும்.

5. பைலை சேவ் செய்திடுங்கள்.

என் பட்டியலிலிருந்து ஓர் உதாரணம். புது செயின் 254 மி.மீ. 6,000 கி.மீ. ஓடியபின் 255. அதாவது ஆறாயிரத்துக்கு ஒரு மி.மீ. அடுத்த 3,000 கி.மீ. ஐப்பசி, கார்த்திகை மழையில் ஓடியது. அளந்தால் 256.5. பாதி தூரத்தில் ஒன்றரை மடங்கு தேய்மானம்! மழைக்காலத்தில் எண்ணெய் போடும் இடைவெளியைக் குறைக்க வேண்டும் என்று இந்த நான்கு பத்திகள்தான் எனக்குச் சொல்லின.

ஸ்கேல் இல்லாவிட்டால் ஒரு குறுக்கு வழி உண்டு. பின் ஸ்ப்ராக்கெட்டின் கடைக்கோடியில், அதாவது வண்டியின் பின்பக்கம் பார்த்த இடத்தில், செயினை விரலால் பின்னோக்கி இழுங்கள். பல்லில் பாதிக்கு மேல் வெளியே தெரிந்தால் செயின் முடிந்தது என்று பொருள்.

என்னென்ன வாங்க வேண்டும்?

செயினை மட்டும் வாங்காதீர்கள். சாய்ந்த பற்களில் புது செயின் மாட்டினால் அது சீக்கிரமே கெட்டுவிடும். முன் ஸ்ப்ராக்கெட், பின் ஸ்ப்ராக்கெட், செயின், லாக் எல்லாம் சேர்ந்து செயின் செட்டாகவே கிடைக்கிறது. பில்லுடன் வாங்குங்கள்.

கருவிகள்: ரிங் ஸ்பேனர் செட், ஆக்சில் நட்டுக்கு ஏற்ற பெரிய ஸ்பேனர், ஸ்க்ரூ டிரைவர், நோஸ் பிளையர், இரும்பு ஸ்கேல், டார்க் ரெஞ்ச். எத்தனை பலத்தில் இறுக்குகிறோம் என்று காட்டும் ரெஞ்ச் இது. விலை கூடுதல் என்பதால் இரண்டு மூன்று நண்பர்கள் சேர்ந்து வாங்கலாம். அது கிடைக்காவிட்டால், வேலை முடிந்ததும் வண்டியை மெதுவாக உருட்டிக்கொண்டு போய் ஒர்க்‌ஷாப்பில் நட்டுகளை மட்டும் இறுக்கச் சொல்லுங்கள்.

லாக் இல்லாமல் ரிவெட் அடித்து மூடிய செயின் உங்கள் வண்டியில் இருந்தால் இந்த வேலையை வீட்டில் செய்யாதீர்கள். அதற்குத் தனிக் கருவியும் பழக்கமும் வேண்டும். சென்டர் ஸ்டாண்ட் இல்லாத வண்டிக்கும் இதையே சொல்வேன்.

மாற்றும் முறை

தொடங்கும் முன் ஒரு விதி. எஞ்சின் ஓடும்போது செயினைத் தொடவே கூடாது. துணி சுற்றிய விரல் செயினுக்கும் பல்லுக்கும் நடுவே போனால் திரும்பாது. வண்டிச் சாவியைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டு வேலையைத் தொடங்குங்கள்.

1. சமதளத்தில் சென்டர் ஸ்டாண்ட் போடுங்கள். ஒவ்வொரு பாகத்தையும் கழற்றும் முன் ஒரு போட்டோ எடுங்கள்.

2. செயின் கவரையும் முன் ஸ்ப்ராக்கெட் மூடியையும் கழற்றுங்கள். பழைய செயின் மாட்டியிருக்கும்போதே, ஒருவர் பின் பிரேக்கை மிதிக்க, முன் ஸ்ப்ராக்கெட்டின் போல்ட்டுகளைத் தளர்த்துங்கள். செயினைக் கழற்றிவிட்டால் ஸ்ப்ராக்கெட் கூடவே சுற்றும், போல்ட் திரும்பாது.

3. ஆக்சில் நட்டையும் இருபக்கச் செயின் அட்ஜஸ்டர்களையும் தளர்த்துங்கள்.

4. சக்கரத்தைக் கையால் உருட்டி, லாக்கைப் பின் ஸ்ப்ராக்கெட் மேல் கொண்டு வாருங்கள். நோஸ் பிளையரால் கிளிப்பைத் தள்ளிக் கழற்றி, லாக்கை உருவுங்கள்.

5. பழைய செயினில் கண்ணிகளை எண்ணுங்கள். இங்கேதான் பலர் ஏமாறுவார்கள். பழையதையும் புதியதையும் பக்கத்தில் வைத்தால் நீளம் ஒத்துப் போகாது. 104 கண்ணி செயின் புதிதாக 1,320.8 மி.மீ. 2 சதவீதம் தேய்ந்தால் 26 மி.மீ. கூடிவிடும். இரண்டு கண்ணி வித்தியாசம்! ஆகவே நீளத்தைப் பார்க்காமல் எண்ணிக்கையை மட்டும் பாருங்கள்.

6. பின்சக்கரத்தைக் கழற்றி இரு ஸ்ப்ராக்கெட்டுகளையும் மாற்றுங்கள். நட்டுகளின் அடியில் மடக்கும் தகடு இருந்தால் புதியது போட்டு மடக்குங்கள்.

7. சக்கரத்தை மாட்டி, புது செயினை இரு ஸ்ப்ராக்கெட்டுகளின் மேலும் சுற்றி, இரு முனைகளையும் பின் ஸ்ப்ராக்கெட் மேல் சேர்த்து, லாக்கை உள்பக்கத்திலிருந்து நுழைத்து, வெளித்தகட்டைப் போடுங்கள்.

8. இப்போது அந்தக் கிளிப். அதற்கு ஒரு பக்கம் மூடிய வளைவு, மறுபக்கம் பிளவு. மூடிய பக்கம் செயின் ஓடும் திசையைப் பார்க்க வேண்டும். செயினின் மேல் பகுதி பின்னாலிருந்து முன்னால் ஓடும். ஆகவே லாக் மேலே இருக்கும்போது மூடிய பக்கம் வண்டியின் முன்பக்கம் பார்க்கும். அதே லாக் கீழே வரும்போது மூடிய பக்கம் பின்பக்கம் பார்க்கும், அது சரிதான். பிளவு முன்னே போனால் எதிலாவது உரசிக் கிளிப் நழுவ வழி ஏற்படும். எப்போதும் புதுக் கிளிப்தான். இரு பின்களின் பள்ளத்திலும் அது முழுதாக அமர்ந்ததா என்று பாருங்கள்.

9. இருபக்க அட்ஜஸ்டர்களும் ஒரே கோட்டில் இருக்கும்படி சிறிது சிறிதாக இறுக்குங்கள். சக்கரத்தைச் சுற்றினால் ஓரிடத்தில் செயின் மற்ற இடங்களைவிட விறைப்பாக இருக்கும். அங்கே வைத்துத் தொய்வை அளக்க வேண்டும். பல 100 சி.சி. வண்டிகளில் இது 2 முதல் 3 செ.மீ. வரை. உங்கள் கையேடு சொல்வதே இறுதி. விறைப்பாக இருந்தால் நல்லது என்று நினைக்காதீர்கள். ஆள் ஏறியதும் செயின் இன்னும் இறுகி பேரிங்கைக் கெடுக்கும்.

10. முன் ஸ்ப்ராக்கெட் போல்ட்டுகள், ஆக்சில் நட்டு ஆகியவற்றைக் குறிப்பிட்ட அளவுக்கு இறுக்குங்கள். சக்கரம் நகர்ந்ததால் பின் பிரேக் பெடலின் இடைவெளியும் மாறியிருக்கும். அதையும் சரிசெய்து, பிரேக் விளக்கு எரிகிறதா என்று பாருங்கள். இதைத்தான் அநேகர் மறப்பார்கள்.

வெளித்தகட்டையும் கிளிப்பையும் ஒரு போட்டோ எடுங்கள். அதைக் கம்ப்யூட்டருக்கு மாற்றி, பெரிதாக்கி, மூடிய பக்கம் எது என்று பார்த்த பிறகே கவரை மூடுங்கள். யு.எஸ்.பி. கேபிளில் போனை இணைத்து, "வண்டி" என்று ஒரு போல்டர் உருவாக்கி, போட்டோக்களை அதில் காப்பி செய்திடுங்கள். பைலைத் தேர்ந்தெடுத்து எப்2 கீயைத் தட்டினால் பெயரை மாற்றலாம். ஆண்டு, மாதம், தேதி என்ற வரிசையில் பெயர் வைத்தால் கம்ப்யூட்டரே கால வரிசைப்படி அடுக்கித் தரும்.

முதலில் தெருவுக்குள் மெதுவாக ஓட்டிப் பாருங்கள். பிறகு நட்டுகளையும் தொய்வையும் மறுபடி சோதியுங்கள்.

மாற்றிய பிறகு

ஓ-ரிங் இல்லாத சாதாரண செயின் என்றால் மண்ணெண்ணெயில் கழுவித் துடைத்து, உலர்ந்தபின் 90 கிரேடு கியர் ஆயில் விடுங்கள். ஓ-ரிங் செயினுக்குப் பெட்ரோல் ஆகாது, ரப்பர் கெட்டுவிடும். சுமார் 500 கி.மீ.க்கு ஒரு முறை என்பது பொதுவான கணக்கு. கடற்கரை ஊர்க்காரர்களும் சேற்றில் ஓட்டுபவர்களும் அதற்கு முன்பே செய்ய வேண்டும். எங்கள் ஊர்த் திருவிழா ஆகஸ்ட் 29-ல் கொடியேறி செப்டம்பர் 8 வரை நடக்கும். அந்த நாட்களில் அப்பா ஓயாமல் சரக்கு எடுப்பார். ஆகவே கொடியேற்றத்திற்கு முந்தைய ஞாயிறு செயின் அளக்கும் நாள் என்று எங்கள் வீட்டில் வழக்கமாகிவிட்டது.

அப்பாவின் கை சரியாகிவிட்டது. மழைக்காலத்தில் மட்டும் மணிக்கட்டு வலிக்கிறது என்பார். இப்போது அளப்பது நான், எண்களை டைப் செய்வது அவர். போன வருடம் என்டர் தட்டிவிட்டு அவரே சொன்னார், "1.4 காட்டுதுப்பா, தீபாவளி வரைக்கும் ஓடும்." பிறகு கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, போல்டரைத் திறந்து, கிளிப் போட்டோவையும் ஒருமுறை பார்த்துக் கொண்டார்.

இந்த ஞாயிறு உங்கள் வண்டியையும் அளந்து பாருங்கள். பத்து நிமிட வேலைதான்.